குற்றவாளிக்கு வயது மூன்றரை

நம் ஊர் நர்சரிப் பள்ளி நடத்துவோரின் இட ஒதுக்கீட்டுக் கொள்கையை மெச்சத்தான் வேண்டும். கீழ்த்தளத்தில் தாளாளர் அறை, ஏ.சி., மீன்தொட்டி, பெற்றோர் உட்கார சோபா, பீஸ் கவுண்டர். எல்.கே.ஜி. எங்கே? இரண்டாவது மாடியில். செக் எழுதும் கைக்குப் படியேறும் சிரமம் வரக்கூடாது. பென்சில் பிடிக்கத் தெரியாத கை, எதையாவது பிடித்துக்கொண்டு ஏறட்டும்.

எதைப் பிடித்துக்கொண்டு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ மூன்றடி. கைப்பிடி இருப்பதும் மூன்றடி உயரத்தில். முதுகில் பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில், தலைக்கு மேல் தூக்கிய கை. இந்த வயதில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்றுதான் இறங்க வரும். மாற்றி மாற்றிக் கால் வைத்து இறங்க நாலு வயதாவது ஆகவேண்டும். பெல் அடித்தால் அஞ்சாம் வகுப்பு அதுவரை காத்திருக்குமா?

இரண்டடி உயரத்தில் இன்னொரு கம்பி அடித்தால் போதும். ஆனால் பள்ளி விளம்பரப் படத்தில் அது எடுப்பாக விழாதாம். குழந்தை விழுந்தால் பரவாயில்லை.

மாடிப்படித் தடுப்பிலும் கலைநயம் உண்டு. பளபளக்கும் ஸ்டீல் குழாய்களைப் படுக்கைவாட்டில் பதித்திருப்பார்கள். பிள்ளைகள் கால் வைத்து ஏறத் தோதாக. நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் என்று சொல்லிப்பாருங்கள். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே சார்" என்பார்கள். ஆகிவிட்டால் விசாரணை ஐந்தே நிமிடத்தில் முடியும்: "உங்க பையன் ரொம்ப வாலு மேடம்." குற்றவாளி பிடிபட்டான். வயது மூன்றரை.

சான்றிதழ் இல்லையா? ஏன் இல்லாமல்? கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, எல்லாம் பைலில் பத்திரமாக இருக்கின்றன. கீழ்த்தளத்தில்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல்கூடத்தில் பிடித்த தீ, மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியிலிருந்து இறங்கக் குறுகலான படி. 94 குழந்தைகள் கருகிச் செத்தார்கள். அதிலிருந்து நாம் கற்றது ஒரே பாடம்: கீற்றைப் பிரி. பிரித்தோம். பாதுகாப்பான பள்ளிக்கூடமும் கல்வி உரிமையில் சேர்ந்தது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையும் கேட்டுக்கொண்டோம். படிக்கட்டைப் பற்றி நினைக்க இன்னும் எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று யாராவது அரசாணை போட்டுச் சொன்னால் தேவலை.

சுற்றறிக்கை, ஆய்வுக்குழு, விழிப்புணர்வு வாரம் எதுவும் வேண்டாம். எல்.கே.ஜி.யைக் கீழே இறக்குங்கள். தாளாளர் அறையையும் பீஸ் கவுண்டரையும் மாடிக்கு ஏற்றுங்கள். பணம் கட்ட வருகிறவர் ஒருவர் வழுக்கட்டும். மறுநாள் காலையில் ஆசாரி வந்து நிற்பார்.