கொட்டகைக்கு விலக்கு: ஒரு திணைநிலை ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்கப் புறநகர் வீடொன்றின் பின்முற்றத்தில், புல்வெட்டும் எந்திரம் நனையாமலிருக்க எழுப்பப்படும் பத்துக்குப் பன்னிரண்டு அடி மரக் கொட்டகையே இவ்வாய்வின் பொருள். எல்லைக் கோட்டிலிருந்து பத்தடி இடைவெளி, அதாவது 'செட்பேக்', விட வேண்டும் என்பது ஊர் விதி என்று கொள்க. உரிமையாளர் ஏழடிதான் விட விரும்புகிறார். குறைகிற மூன்றடிக்காக அவர் நகராட்சியின் மேல்முறையீட்டு வாரியத்திடம் கேட்டுப் பெறுவது 'வேரியன்ஸ்' எனப்படும் விலக்கு. மாவலியிடம் போன வாமனனுக்குப் பிறகு மூவடி மண்ணுக்காக இத்தனை பணிவோடு கைநீட்டியவர் வேறெவரும் இலர்.

2. வரலாறு

நியூயார்க்கில் 1915இல் எழுந்து முடிந்த ஈக்விட்டபிள் கட்டடம், 38 மாடி உயரத்தில் நின்று சுற்றுத் தெருக்களின் வெயிலைத் தின்றது. மறு ஆண்டே அந்நகரம், எங்கே எதை எவ்வளவு கட்டலாம் என வகுக்கும் மண்டல விதிகளை முழு நகருக்கும் இயற்றியது. நாட்டில் அதுவே முதல். 1924இல் வணிகத் துறை, ஹெர்பர்ட் ஹூவர் அதன் செயலராக இருந்தபோது, மாநிலங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டம் வகுத்துக் கொடுத்தது. விதியால் தேவையற்ற இன்னல் நேருமிடத்தில் வாரியம் விலக்கு அளிக்கலாம் என்றது அது. தேவையான இன்னல் யாதோ எனின், வாரியத்தின் முன் போய் நிற்பது என்க. 1926இல் ஒஹையோ மாநிலத்து யூக்லிட் கிராம வழக்கில், மண்டல விதி செல்லும் என உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இவ்வாறு வானளாவிக்கு விரித்த வலையில் இன்று கொட்டகை அகப்படுகிறது. இது வலையின் பிழையன்று. வானளாவிக்கு வக்கீல் உண்டு.

3. திணைப் பகுப்பு

முதற்பொருள்: நிலம், மனை; பொழுது, வாரியம் கூடும் மாலை. கருப்பொருள்: புல்வெட்டி, பனி தள்ளும் மண்வெட்டி, சர்வேயர் வரைபடம், அண்டை வீட்டார். உரிப்பொருள்: இரங்கல்.

இரங்குபவர் யார் என்பதிலேயே நுட்பம் உள்ளது. 'எனக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் நடக்க முடியாது' என்பது பொதுவாக எடுபடாது. அது மனிதனின் துயரம். 'என் மனை சரிவு, பின்பாதி பாறை, வடிவம் முக்கோணம்' என்பது எடுபடும். அது நிலத்தின் துயரம். இவ்வகையில் மூலைமனை தலைசிறந்த துயரப் பாத்திரம். இரு தெருக்களைப் பார்ப்பதால் பல ஊர்களில் அதற்கு இரண்டு முன்முற்றங்கள்; முன்முற்றத்திலோ கொட்டகை ஆகாது.

தானே தேடிக்கொண்ட துயரம் தனி வகை. 200 சதுர அடிக்கு மிகாத ஒற்றை மாடிக் கொட்டகைக்குக் கட்டட பர்மிட் வேண்டாம் என்கிறது பல ஊர்கள் தழுவிய மாதிரி விதித்தொகுப்பு. அதைப் படித்து மகிழ்ந்து ஆணியடித்தவர், மண்டல விதி வேறொரு புத்தகத்தில் இருப்பதை அண்டை வீட்டாரின் புகார் வழியே அறிகிறார்.

4. ஐவகை வினா

இத்தகைய அளவு விலக்குக்கு நியூயார்க் மாநிலச் சட்டம் ஐந்து வினாக்களை வைத்துள்ளது. அக்கம்பக்கத்தின் இயல்பு கெடுமா? வேறு வழி உண்டா? கேட்பது மிகையா? சுற்றுச்சூழலுக்குக் கேடு உண்டா? இன்னல் தானே வரவழைத்ததா?

இவற்றுள் கொட்டகைகளைக் கொல்வது இரண்டாவது. 'மூன்றடி உள்ளே தள்ளி வைத்தால் என்ன?' என்று உறுப்பினர் ஒருவர் கேட்பார். 'அங்கே மரம் இருக்கிறது' என்பது தொன்றுதொட்டு வரும் விடை. முதல் வினாவுக்கு விடை சொல்ல அஞ்சலில் அழைப்புப் பெற்ற அண்டை வீட்டார் எழுவார். அக்கம்பக்கத்தின் இயல்பைக் காக்கச் சூளுரைக்கும் அவர் வீட்டுக் கொட்டகை எத்தனை அடியில் நிற்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை.

5. தடையும் விடையும்

கொட்டகை அற்பப் பொருள், ஆய்வுக்கு ஆகாது எனின், அற்றன்று. பாலோ ஆல்ட்டோவில் அடிசன் அவென்யூ 367ஆம் எண் வீட்டின் பின்முற்றக் கொட்டகையில்தான் 1938இல் பில் ஹியூலெட் குடியிருந்தார். அவரும் டேவிட் பேக்கர்டும் தங்கள் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்துக்கான வேலையைத் தொடங்கியது அருகிலிருந்த கராஜில். 1989இல் சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம் என்று பலகை பெற்றது கராஜ். கொட்டகைக்கு வரலாறும் செட்பேக் விட்டது.

6. முடிபு

அளிக்கப்படும் விலக்கு ஆளுக்கு உரியதன்று, மனைக்கு உரியது. உரிமையாளர் வீட்டை விற்றுப் போனாலும் அது மனையோடு நிற்கும். புதிதாக வருபவர் அழாமலே அனுபவிப்பார். ஆக, துன்புற்றது நிலம், ஆறுதல் பெற்றதும் நிலம். விண்ணப்பக் கட்டணம் கட்டியது மட்டுமே மனிதர்.