அணுவில் முனைவர் பட்டம்: கல்பாக்கக் குறிப்புகள்

கல்பாக்கத்தில் அணு அறிவியலிலோ பொறியியலிலோ முனைவர் பட்டம் பெற விரும்புவோர், 2005இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஹோமி பாபா தேசிய நிறுவனத்தில் பதிவு செய்கின்றனர். முதலில் பாடங்கள், பிறகு ஆய்வு. பட்டத்தால் என்ன பயன் என்பது பின்னால் விளக்கப்படும்.

அங்கே பலருக்கு வாய்க்கும் ஆய்வுப்பொருள், வேக ஈனுலையின் வெப்பத்தைச் சுமந்து செல்லும் சோடியம். 98 டிகிரி செல்சியசில் உருகும். சூடாகக் காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும்; தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஆனாலும் அது எப்போது என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். உறவினர் அப்படியல்லர்.

கல்யாணப் பந்தியில் ஆய்வு மாணவர் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் நாற்காலியை அரை அடி நகர்த்திக்கொள்வது மரபு. போன வாரம்கூட ஒரு பெரியப்பா நகர்த்தினார். இங்கே சில அளவுகளைச் சொல்லியாக வேண்டும். பெரியப்பாவின் உடம்பிலுள்ள பொட்டாசியம்-40 மட்டுமே வினாடிக்குச் சுமார் 4,000 முறை சிதைகிறது. நாற்காலியோடு அதுவும்தான் நகரும். இலையோரத்து வாழைப்பழத்திலும் அதே சரக்கு. அவர் இன்னொன்று கேட்டு வாங்கினார். ஆய்வு மாணவர் உலைப்பக்கம் போனால் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருக்கும், பட்ட கதிர்வீச்சுக்கு அதில் கணக்கு உண்டு. பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரம்பு. எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பெரியப்பாவுக்குப் பேட்ஜும் கிடையாது, வரம்பும் கிடையாது. சொந்த ஊரோ மணவாளக்குறிச்சி. அந்தக் கடற்கரை மணலில் மோனசைட், மோனசைட்டில் தோரியம். அதில் துண்டை விரித்துப் படுத்து வளர்ந்த மனிதர், குளிரூட்டிய அறையில் கணினித் திரையைப் பார்த்தே கண் கெட்ட ஒருவரைக் கண்டு ஒதுங்குகிறார். ஒதுங்கியதோடு விட்டாரா? "குழந்தை குட்டிக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று ரசம் வரும்போது, பரிமாறுபவருக்கும் கேட்கும்படி விசாரித்தார். நியாயப்படி அரை அடி நகர வேண்டியது யார் என்பதை அளவிடக் கருவி இருக்கிறது. பந்திக்கு அதைக் கொண்டுபோகத்தான் அனுமதி இல்லை.

"குண்டு செய்வியா?", "இன்னுமா படிக்கிற?" ஆகிய கேள்விகள் எல்லாத் துறையினருக்கும் சிறு மாற்றங்களுடன் கிடைப்பவை, தனியே விளக்க வேண்டியதில்லை.

ஆய்வேடு முடிந்ததும் வெளித் தேர்வாளர்கள் படிப்பார்கள். அடுத்தது வாய்மொழித் தேர்வு. அதில் கேள்வி கேட்பவர் பதில் வரும்வரை காத்திருப்பார் என்பது பல மாணவர்களுக்குப் புது அனுபவம். தேர்வில் தேறியவர் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாம். பத்திரிகையை வாங்கியவர்கள் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள்.