புதுசு எது, சொல்லு பார்க்கலாம்?

நவராத்திரியில் கொலு மாமா வீட்டுக்குச் சுண்டல் சாப்பிடப் போகிறவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லது. செருப்பைக் கழற்றும்போதே பரீட்சை ஆரம்பித்துவிடும்: "இந்த வருஷம் புதுசு எது, சொல்லு பார்க்கலாம்?"

எதிரே ஒன்பது படி. தசாவதாரம், கல்யாண செட், வளைகாப்பு செட், கிரிக்கெட் செட். பளபளவென்று இருக்கிற கிருஷ்ணரைக் காட்டினீர்களோ, போச்சு. "அதுவா? 1987-ல காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவுல வாங்கினது. போன மாசம்தான் பெயின்ட் அடிச்சேன்!"

தப்பான விடைக்குத் தண்டனை, அந்தப் பொம்மையின் தல புராணம். எந்த பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், எந்த வருஷம் மூக்கு உடைந்தது, உடைத்த மச்சினன் இப்போது எங்கே இருக்கிறான், எல்லாம் வரும். நடுவில் விரல் முட்டியால் கிருஷ்ணரின் முதுகில் ஒரு தட்டு. "கேட்டியா சத்தம்? சுட்ட மண்ணு! இப்பல்லாம் காகிதக்கூழைத் தலையில கட்டிடறான்."

தப்பிக்க வழி தேடாதவர்கள் இல்லை. "எல்லாமே புதுசு மாதிரி இருக்கு மாமா" என்று நழுவப் பார்த்தால், "அப்ப நீ சரியாப் பார்க்கலை" என்று முதல் படியிலிருந்து மறுபடி கூட்டிப்போவார். மாமியைச் சமையலறையில் ரகசியமாகக் கேட்கலாம். அவருக்கே சொல்லவில்லையாம். சுண்டல் ஆறும். குழந்தைகள் கை நீட்டினால், "கண்ணால பாரு!"

கடைசியில் அவரே இரக்கப்பட்டுக் காட்டுவார். செட்டியார் பொம்மையின் கடையில், புளிக்கும் துவரம்பருப்புக்கும் நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கத்தரிக்காய்!

ஆனாலும் விஜயதசமி ராத்திரி மாமாவைப் பார்க்க வேண்டும். ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும்போது தலை இடித்துவிடுமோ என்று கீழே தன் உள்ளங்கையை வைப்பார். மறுநாள் ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அந்த நேரத்தில் அவர்மேல் கோபமே வராது.

கோபம் வருவது மதுரைப் பக்கம் விளாச்சேரியில். அங்கே அவரோடு போயிருக்கிறேன். களிமண்ணை முன்பாதி, பின்பாதியாக அச்சில் அழுத்தி, ஒட்டி, உலர்த்தி, சூளையில் சுட்டு, வர்ணம் தீட்டுகிற ஊர். நாலு நாள் மழை பெய்தால் எதுவும் காயாது. நவராத்திரி முடிந்தால் அதே கைகள் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேய்ப்பர்களும் ஆடுகளும் செய்யப் போய்விடும். அங்கே பொம்மை செய்கிற ஒரு அம்மாவின் திண்ணையில் நின்றுகொண்டு மாமா கேட்கிறார்: "என்னம்மா இது, மண்ணுதானே? அறுநூறா?" அரை மணி நேரம் பேசி முந்நூறுக்கு முடித்தார்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம், "கைவேலை, ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி இருக்கும். அறுநூறு ரூபா!" என்கிறார். அறுநூறு பெறும் என்று அவருக்கே தெரிகிறது. அதை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து சொன்னால், எத்தனை தல புராணம் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம்.