திருத்துறைப்பூண்டி இலவச முகாம்: அனைவரும் வருக

சென்னையில் மாதத் தவணையும் பெங்களூரில் வாடகையும் கட்டிக் கட்டி நொந்துபோய், "காட்டுக்குள்ள ஒரு டென்ட்டைப் போட்டு ரெண்டு நாள் கிடந்தா என்ன?" என்று ஏங்கும் அன்பர்கள் பெருகிவிட்டார்கள். அமெரிக்காவைப் பார் என்கிறார்கள். பார்த்தோம். அங்கே தேசிய வனங்களில் பெரும்பாலும் காசு இல்லாமல், முன்பதிவு இல்லாமல், வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கூடாரம் அடித்துக்கொள்ளலாம். குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, குப்பைத் தொட்டி கிடையாது. பொதுவாகப் பதினான்கு நாளில் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் என்கிற அத்தனை பெரிய நகரத்தின் கொல்லையிலேயே ஏஞ்சலிஸ் தேசிய வனம் இருக்கிறது. நம்மூரில் ஏன் இப்படி ஒன்று இல்லை என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: குழாய், கழிப்பறை, குப்பைத் தொட்டி மூன்றும் இல்லாத இடத்தில் இலவசமாகப் படுத்துக் கிடக்கும் கலையில் எங்கள் திருத்துறைப்பூண்டி வட்டாரத்திடம் அமெரிக்கா பிச்சை வாங்க வேண்டும்.

முதலில் காட்டைக் காட்டிவிடுகிறேன். டெல்டாவில் மலை இல்லை என்பதால் காடும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக்காடு, காயலும் சேற்றுவெளியுமாகச் சுமார் 12,000 ஹெக்டேர். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு எல்லாம் காவிரியின் கடைசிச் சொட்டைச் சுமந்துகொண்டு போய்ச் சேரும் இடம். கிழக்கே கோடியக்காடு. வெளிமானுக்காக 1967இல் சரணாலயம் ஆனது, 2002இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறியது. உதயமார்த்தாண்டபுரம் ஏரிக்கும் 2022இல் அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. உலகத் தரம் வாய்ந்த ஈரம் எங்களிடம் இருக்கிறது.

அலையாத்திக்காட்டில் கூடாரம் அடிப்பதில் ஒரு சின்னச் சிரமம். தரை என்று ஒன்று இல்லை. சேற்றிலிருந்து ஈட்டி ஈட்டியாக மூச்சுவேர் நிற்கும். அதன்மேல் ஸ்லீப்பிங் பேக்கை விரித்தால் பீஷ்மர் பட்ட பாடுதான். ஓதம் ஏறினால் நீங்களும் மிதப்பீர்கள். ஆனால் ஓதத்துக்கு முன்னால் சட்டம் வந்துவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27ஆம் பிரிவில், சரணாலயத்துக்குள் கண்டவர்கள் நுழையக் கூடாது என்கிறது. 30ஆம் பிரிவில், தீ மூட்டக் கூடாது என்கிறது. கேம்ப் ஃபயர் போச்சு. நடுவில் 28ஆம் பிரிவு இருக்கிறதே, அது இலக்கியம். எந்தெந்தக் காரணத்துக்கு அனுமதிச் சீட்டு தரலாம் என்று அதில் எழுதிவைத்திருக்கிறார்கள்: விலங்குகளைப் பற்றி அறிய, படம் பிடிக்க, விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய, சுற்றுலா வர, உள்ளே குடியிருப்பவரோடு முறையான கொடுக்கல் வாங்கல் நடத்த. 2022இல் சட்டத்தைத் திருத்தும்போது, யாரோ பெரியவர் ஞாபகப்படுத்தியிருப்பார் போலிருக்கிறது, சினிமா எடுப்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். நண்டு பிடிக்க, சுள்ளி பொறுக்க என்று ஒரு வரி சேர்க்க எவருக்கும் ஞாபகம் வரவில்லை. காட்டைக் கண்ணால் தின்கிறவனுக்குக் கதவு உண்டு. காட்டை நம்பிக் கஞ்சி குடிக்கிறவன்தான் குற்றவாளி.

காட்டைக் காப்பாற்றச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மரங்கள் இல்லாவிட்டால் கடல் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். ஆனால் கணக்கு என்றால் முழுக் கணக்கையும் பார்ப்போம். முத்துப்பேட்டைக் காட்டை மொட்டையடித்தது சுள்ளி பொறுக்கிய கிழவி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிச் சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள், கூறு போட்டுக் கூறு கூறாக வெட்டி விறகுக்கு அனுப்பியது சாட்சாத் அரசாங்கமே. வெட்டிய இடத்தில் மண் தாழ்ந்தது, கடல்நீர் தேங்கியது, வெயிலில் உப்புப் பூத்தது, மரம் திரும்ப முளைக்கவில்லை. பிற்பாடு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டித் தண்ணீரை நடமாடவிட்ட பிறகுதான் கன்று பிடித்தது. அந்த வாய்க்காலுக்கு மண் சுமந்தவர்களின் பிள்ளைகளைத்தான் இப்போது "அத்துமீறி நுழையாதே" என்று பலகை வரவேற்கிறது.

இந்தக் காட்டுக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர்கள் காலத்தில் இது சத்திரங்களுக்கு உரிய சொத்து. காட்டு வருமானம் சத்திரத்துக்குப் போகும். ராமேஸ்வரம் போகிற வழிப்போக்கன் எவனானாலும் அங்கே சோறு தின்று, திண்ணையில் காலை நீட்டித் தூங்கி, நோய் என்றால் மருந்தும் வாங்கிக்கொண்டு போகலாம். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றைக்கும் நிற்கிறது. கும்பினிக்காரன் ஆட்சியைப் பிடுங்கியபோது சரபோஜி மன்னர், வேறெதை எடுத்தாலும் சத்திரத்தில் கைவைக்காதீர்கள் என்று 1801இல் தஞ்சையிலிருந்த கும்பினி ரெசிடெண்ட் டோரின் துரைக்குக் கடிதம் எழுதி மன்றாடினார். ராஜ்யம் போன ராஜா, வழிப்போக்கன் படுக்கிற இடத்துக்காக வாதாடியிருக்கிறார்! நமது மக்களாட்சி அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. அன்று காடு வழிப்போக்கனுக்குச் சோறு போட்டது. இன்று வழிப்போக்கன் காட்டுக்குக் கட்டணம் கட்டுகிறான்.

கட்டணம் என்றதும் தேனி மாவட்டத்துக் குரங்கணி நினைவுக்கு வருகிறது. 2018 மார்ச் 11. கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டு இறங்கிய இளைஞர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அந்தச் சாவில் கேலி பேச எனக்கு வாய் வராது. அதற்குப் பிறகு நடந்ததில்தான் வயிறு எரிகிறது. முதலில் மலையேற்றத்துக்குத் தடை, விசாரணை, புதிய விதிமுறை. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் சீட்டு விற்க ஆரம்பித்தார்கள். வழிகாட்டியோடு, பாதுகாப்போடு போகட்டும், நல்லதுதான். ஆனால் நடுவில் 2022இல் என்ன நடந்தது? காடுகளில் ஆடு மாடு மேய்க்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தேனி மலைமாட்டுக்காரர்கள் கதறிய பிறகு, புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா மட்டும் என்று தடையைக் குறுக்கிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக மாட்டோடு மலையில் படுத்தவன் இறங்க வேண்டும். ஷூ போட்டவன் ஏறலாம்.

ஆகையால் காட்டில் இலவசம் இல்லை. கவலைப்படாதீர்கள், நாட்டில் இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் டி.பி.சி. என்போம். திருத்துறைப்பூண்டியைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் அறுவடைக் காலத்தில் கண்ணில் படும். அங்கேதான் எங்கள் திறந்தவெளி முகாம்.

முகாமில் சேர்வதற்குத் தகுதி: சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், அறுத்த நெல். அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து குவித்துவிட்டு, பக்கத்தில் படுக்க வேண்டியதுதான். சாக்கு இல்லை என்பார்கள். சாக்கு வந்தால் சணல் இல்லை. சணல் வந்தால் லாரி இல்லை, முன்னால் பிடித்த மூட்டையே அடுக்கிக் கிடக்கிறது, இடமில்லை. எல்லாம் கூடிவந்தால் அன்றைக்கு மழை. மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறார்கள் என்பது விவசாயிகள் ஆண்டாண்டாகச் சொல்லிவரும் புகார். ஆண்டாண்டாக நடவடிக்கை எடுப்போம் என்பது பதில். அமெரிக்காக்காரன் பதினான்கு நாளில் கூடாரத்தைப் பிடுங்கச் சொல்கிறான் பாருங்கள், கருமி. எங்கள் முகாமில் நாள்வரம்பே கிடையாது. இரவு நட்சத்திரம் பார்க்கலாம். ஆடு மாடு வாய்வைக்காமல், களவு போகாமல் விடிய விடிய விழித்திருக்கப் போவதால் எல்லா நட்சத்திரத்தையும் பார்க்கலாம். கொசுவுக்கு வைக்கோல் மூட்டம் உண்டு, அதுவே கேம்ப் ஃபயர்.

2025 அக்டோபரில் எங்கள் முகாமுக்கு நல்ல கூட்டம். குறுவை நன்றாக விளைந்துவிட்டது, அதுதான் நாங்கள் செய்த குற்றம். கொள்முதல் நிலைய வாசல்களிலும் சாலையோரங்களிலும் நெல் மலை மலையாகக் கிடந்தது. வடகிழக்குப் பருவமழை, யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்காமல், பஞ்சாங்கப்படி வந்தது. குவியலின் மேல் நெல் முளைத்தது. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது டெல்லி விதி. ஐப்பசி அடைமழைக்கு நடுவே 17 சதவீத ஈரம்! நாற்றங்காலையும் கோதுமைக் காட்டையும் ஒரே கண்ணாடியில் பார்க்கிறவர்கள் போட்ட விதி. 22ஆகத் தளர்த்துங்கள் என்று மாநிலம் கடிதம் எழுதும். மத்தியக் குழு விமானத்தில் வரும், காரில் வரும், ஒரு பிடி நெல்லைப் பையில் போட்டுக்கொண்டு போகும். சில ஆண்டுகளில் இரண்டு மூன்று புள்ளி இறங்கி வருவார்கள், அதற்குள் அறுப்பே முடிந்திருக்கும். மாநிலம் மத்தியைக் கைகாட்டும், மத்தி மாநிலத்தைக் கைகாட்டும். பருவமழை எந்த மாதம் வரும் என்று சோழன் காலத்திலிருந்து தெரியும். ஒரு தளம் போட்டுக் கூரை போட இரண்டு அரசாங்கத்துக்கும் இன்னும் முகூர்த்தம் கூடிவரவில்லை.

நெல் விற்றவன் எழுந்து போன பிறகு வயலுக்கு அடுத்த முகாம் வரும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டைப் பற்றிக்கொண்டு வரும் கீதாரிகள், அறுத்த தாளில் கிடை போடுவார்கள். பனையோலைக் கூண்டு, ஒரு சட்டி, குழந்தை குட்டி. மண்ணுக்கு எரு, அவர்களுக்கு அரிசியோ காசோ. இந்தப் பகுதி மண்ணில் பிறந்த சு. தமிழ்செல்வி, இந்தக் கீதாரிகள் படும் பாட்டைக் 'கீதாரி' என்று நாவலாகவே எழுதியிருக்கிறார். இதே கூண்டை மூங்கிலில் செய்து, உள்ளே ஒரு மெத்தை போட்டு, கொடைக்கானலில் வைத்தால் ஓர் இரவுக்கு என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

வேறொருவன் மண்ணில் படுப்பது எங்களுக்குப் புதிதும் இல்லை. மிராசுதாரின் கொல்லையில் குடிசை போட்டிருந்த பண்ணையாள், எதிர்த்துப் பேசினால் அன்றிரவே கூரை பிரிக்கப்படும். திருத்துறைப்பூண்டியில் நினைவிடமாக இருக்கும் பி. சீனிவாசராவ், சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக அவர்களைத் திரட்டியவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பண்ணையாள் குடும்பத்தார் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். படுத்திருக்கும் மனைக்கட்டு உனக்கே என்று குடியிருப்புச் சட்டம் வந்தது 1971இல். இன்றைக்கும் ஆற்றுப்படுகையில் பட்டா இல்லாமல் படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வருகிறது. டென்ட் அடித்தால் இயற்கை ஆர்வலர், கீற்று வேய்ந்தால் ஆக்கிரமிப்பாளர்.

இதில் அமெரிக்காவும் நமக்குச் சகலபாடிதான். வீடு உள்ளவன் காட்டில் இலவசமாகப் படுக்கலாம் என்கிற அதே நாட்டில், வீடு இல்லாதவன் ஊருக்குள் வெட்டவெளியில் படுத்தால் நகராட்சி அபராதம் போடலாம் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரிகான் மாநிலத்து கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரத்தின் வழக்கு. சரி, காட்டுக்கே போவோம் என்று அதே மாநிலத்து டெஷூட்ஸ் தேசிய வனத்தில் ஒதுங்கியிருந்த வீடற்றவர்களை, காட்டைச் சீரமைக்கப் போகிறோம் என்று 2025 மே மாதம் வெளியேற்றினார்கள். மே முதல் தேதி. உழைப்பாளர் தினம் அங்கே வேறு மாதம் என்பதால் யாருக்கும் உறுத்தியிருக்காது.

எங்கள் முகாம்களிலேயே பெரியது கஜா முகாம். 2018 நவம்பர் 16 விடியும் முன்னே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய புயல், ஒரே இரவில் லட்சக்கணக்கானவர்களை இயற்கையோடு இணைத்தது. தென்னை வேரோடு சாய்ந்தது, அலையாத்தி முறிந்தது, கூரை பக்கத்து ஊருக்குப் போனது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. டிஜிட்டல் உலகிலிருந்து விடுபட இப்போது ஆயிரக்கணக்கில் கொடுத்து முகாம் போகிறீர்களே, எங்களுக்கு அது சும்மா கிடைத்தது. அப்போதைய முதலமைச்சர் ஹெலிகாப்டரில் சேதம் பார்க்கக் கிளம்பி, வானிலை சரியில்லை என்று திருவாரூர், நாகை மாவட்டங்களைப் பார்க்காமலே திரும்பினார். மழையில் நனையக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே அன்பர்களே, வாருங்கள். ரயில் இருக்கிறது, 2023லிருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும்கூடப் போகிறது. முன்பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம். படுதா மட்டும் சொந்தமாகக் கொண்டுவாருங்கள், கஜாவுக்குக் கொடுத்தவை எப்போதோ கிழிந்துவிட்டன, அதற்குப் பிறகு வாங்கியவை நெல்லின் மேல் கிடக்கின்றன. நடுராத்திரியில் யாராவது கார் விளக்கோடு வந்து, கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு குவியலைச் சுற்றினால் பயந்துவிடாதீர்கள். அவர்கள் நெல்லின் ஈரத்தைப் பார்க்க வந்தவர்கள். நீங்கள் நனைந்திருந்தால் அது அவர்கள் துறையில் வராது.