செத்த பிறகு எங்கே?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அதையொட்டி, கிறிஸ்தவர்களின் மறுமை நம்பிக்கை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

பக்கத்து வீட்டு ஆர்.சி. அக்கா, செத்துப்போன மாமனாருக்காகப் பூசை வைக்கிறாங்க. எதிர்வீட்டு சி.எஸ்.ஐ. அக்கா, ‘செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணக் கூடாது’ங்கறாங்க. ரெண்டு பேரும் படிக்கிறது ஒரே பைபிள்தானுங்களே?
*(வாசகி, மொடச்சூர்)*

முழுக்க ஒன்றல்ல. கத்தோலிக்க பைபிளில் மக்கபேயர் இரண்டாம் நூல் உண்டு. போரில் இறந்த வீரர்களின் பாவம் தீர, தளபதி யூதா பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி செலுத்த அனுப்பிய செய்தி அதில் வருகிறது. எதிர்வீட்டு அக்காவின் பைபிளில் அந்த நூல் இல்லை. செத்தவர்களின் பாவத் தண்டனையும் குறையும் என்று சொல்லி நடந்த மன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517-ல் லூத்தர் கிளம்பியபோது தொடங்கிய வழக்கு இது. மரணத்தோடு எல்லாம் முடிவாகிவிட்டது என்று ஒருவர் நம்புகிறார். நம் அன்பு கல்லறையைத் தாண்டியும் உதவும் என்று மற்றவர் நம்புகிறார். மாமனார் கடவுளின் கையில் இருக்கிறார் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை.

உத்தரிக்கிற ஸ்தலம்னா சின்ன நரகமுங்களா?
*(வாசகர், சத்தியமங்கலம்)*

இல்லை. நரகத்திலிருந்து மீட்சி கிடையாது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஒவ்வோர் ஆத்துமாவுக்கும் மோட்சம் உறுதி. 1563-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் சொன்னது இரண்டுதான்: அது உண்டு; உயிரோடிருப்பவர்களின் வேண்டுதல் அங்கிருப்போருக்கு உதவும். எத்தனை வருடம், எவ்வளவு சூடு என்பதெல்லாம் ஓவியர்களும் பிரசங்கிகளும் சேர்த்தது. அது ஓர் இடமல்ல, தூய்மையடையும் நிலை என்று 1999-ல் போப் இரண்டாம் ஜான் பால் விளக்கினார்.

மறுபிறவியைக் கிறிஸ்தவங்க ஏன் ஒத்துக்கறதில்லீங்க?
*(வாசகர், அந்தியூர்)*

ஒரே பிறப்பு, ஒரே இறப்பு, அப்புறம் தீர்ப்பு. இது எபிரேயர் நிருபத்தின் போதனை. இதைத் தமிழிலேயே வாதாடியவர் ராபர்ட் தெ நொபிலி. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியர். 1623-ல் அங்கிருந்து கிளம்பி சேந்தமங்கலம், சேலம் பக்கமும் வந்தவர். ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்று தனி நூலே எழுதினார். என் மனதைத் தொடுவது வாதத்தைவிட ஒரு சம்பவம். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்ததா என்று சீடர்கள் கேட்டார்கள். இருவர் செய்ததும் இல்லை என்றார் இயேசு. துன்பப்படுகிறவன் தலையில் பழியையும் சேர்த்து ஏற்றாதீர்கள் என்பதுதான் அதில் எனக்குக் கேட்கிற செய்தி.

கத்தோலிக்கரை எரிச்சுட்டு, அஸ்தியைக் கூடுதுறையில கரைக்கலாங்களா?
*(வாசகி, பவானி)*

எரிக்கலாம், கரைக்கக் கூடாது. தகனத்துக்கு 1963-ல் அனுமதி கிடைத்தது. அஸ்தியைத் தூவவோ, தண்ணீரில் கரைக்கவோ, வீட்டில் வைத்துக்கொள்ளவோ கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் வாடிகன் சொன்னது. எரிந்த உடலை எழுப்பக் கடவுளுக்குச் சிரமமில்லை. உடலை மதிக்கச் சொல்வதே விதியின் நோக்கம். ஆத்துமா மட்டும் தப்பினால் போதும் என்பதல்ல கிறிஸ்தவ நம்பிக்கை, உடலும் உயிர்த்தெழும் என்பது. இதற்குத் திருத்தூதர் பவுல் காட்டிய உவமை, மண்ணில் மடிந்து முளைக்கிற விதை. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் விதைக்கிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஞானஸ்நானம் குடுக்கறதுக்கு முன்னாடியே எங்க அண்ணன் குழந்தை தவறிருச்சு. மோட்சம் கிடைக்குங்களா?
*(வாசகி, கவுந்தப்பாடி)*

தைரியமாக நம்புங்கள் அம்மா. அப்படிப்பட்ட குழந்தைகள் ‘லிம்போ’ என்ற தனி நிலையில் இருக்கும் என்று ஒரு காலத்தில் கற்பித்தார்கள். அது எப்போதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று 2007-ல் வாடிகனின் இறையியல் ஆணைக்குழு எழுதியது. குழந்தைகளைத் தடுத்த சீடர்களைக் கடிந்துகொண்டு, அவர்களை அணைத்துக்கொண்டவர் இயேசு. உங்கள் அண்ணியிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

எங்க ஊரு ஜி.எஸ். லட்சுமண ஐயர் தலித் மக்களுக்கு வீட்டைத் தொறந்துவிட்டவர். கோபியில கையால மலம் அள்ளற கொடுமைய ஒழிச்சவர். கிறிஸ்தவர் இல்லீங்க. அவருக்கு நரகமுங்களா?
*(வாசகர், கோபி)*

அப்படிச் சொல்ல எந்தப் போதகருக்கும் அதிகாரமில்லை. கிறிஸ்துவை ஏற்காதவருக்கு மீட்பில்லை என்று உறுதியாக நம்பும் சபைகள் உண்டு; பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றின் நிலை அதுதான். கத்தோலிக்கத் திருச்சபையோ, தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், மனச்சாட்சி காட்டிய வழியில் கடவுளைத் தேடியவர்கள் மீட்படையலாம் என்று 1964-ல் இரண்டாம் வாடிகன் சங்கத்தில் சொன்னது. ஆயிரக்கணக்கானோரைப் புனிதர் என்று அறிவித்த அந்தத் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவர் பெயரைக்கூட அறிவித்ததில்லை.

மத்தேயு நற்செய்தியின் 25-ம் அதிகாரத்தில் கடைசித் தீர்ப்பு வருகிறது. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, தாகமாக இருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தாயா, சிறையில் கிடந்தவனைப் பார்க்கப் போனாயா என்பதுதான் அங்கே விசாரணை. கோபி நகராட்சித் தலைவராக இருந்து 2011-ல் மறைந்த லட்சுமண ஐயர், அந்த விசாரணையில் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆத்துமாவுக்குச் சாதி உண்டுங்களா?
*(மாணவர், நம்பியூர்)*

கிடையாது. ஆனால் திருச்சி மேலப்புதூரில், தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்கக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பினார்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு இப்படிச் சுவர் வைப்பது, அந்த நம்பிக்கையையே மறுப்பது. பக்கத்தில் இருப்பவரை ஒதுக்குவது சின்னக் குற்றமல்ல. லூக்கா நற்செய்தியில் வரும் பணக்காரன் திருடியதாகவோ கொன்றதாகவோ ஒரு வார்த்தை இல்லை. வாசலில் கிடந்த ஏழை லாசரைக் கண்டுகொள்ளாததுதான் அவன் செய்தது. அதற்கே அவன் செத்த பிறகு வேதனையில் கிடந்தான். உங்கள் ஊர்க் கல்லறையில் சாதிக்கென்று சுவரோ தனி வாசலோ இருந்தால், அதை இடிக்கச் சொல்லிப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.