தலை போகலாம், துணி போகக்கூடாது

அமெரிக்காவின் ஹிஸ்டரி சேனலுக்கு ஒழுக்கம் உயிர். பழைய ஸ்காண்டிநேவியக் கடற்கொள்ளையரைப் பற்றி 2013-இல் அது தொடங்கிய ‘வைக்கிங்ஸ்’ தொடரில் கழுத்து அறுபட்டது, காட்டினார்கள். மண்டையில் கோடரி இறங்கியது, காட்டினார்கள். கட்டிலில் ஓர் உடம்பு ஆடையின்றிப் புரண்டது. ஐயையோ, குடும்பம் பார்க்குமே! வெட்டு.

இரண்டாம் சீசனில் யார்ல் போர்க் என்ற தலைவனுக்கு ‘இரத்தக் கழுகு’ தண்டனை. முதுகைப் பிளந்து, விலா எலும்பை முறித்து, நுரையீரலைச் சிறகாக விரிப்பது. அப்படி ஒரு தண்டனை நடந்ததா என்பதிலேயே வரலாற்றாளர்களுக்குச் சந்தேகம். வைக்கிங்குகளுக்கு உடம்பு இருந்ததில் எவருக்கும் சந்தேகமில்லை. சந்தேகமானது ஒளிபரப்பானது. உறுதியானது கத்திரிக்குப் போனது. சேனலின் பெயர், மறக்க வேண்டாம், ‘வரலாறு’.

வைக்கிங்குகள் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியது 793-இல். வைக்கிங் தலைவன் ரோலோ பிரான்சின் நார்மண்டியைப் பெற்றது 911-இல். நடுவே 118 ஆண்டுகள். தொடரில் ஒரே ரோலோ இரண்டையும் முடிக்கிறான், தொடரின் நாயகன் ராக்னரின் உடன்பிறப்பாக. அதை வெட்ட ஒரு கத்திரியும் நீளவில்லை.

சட்டம் தடுத்தது என்பார்கள். பொய். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் அநாகரிகக் காட்சி விதி வான்வழிச் சேனல்களுக்குத்தான், ஹிஸ்டரி போன்ற கேபிள் சேனல்களுக்கு இல்லை. வான்வழிக்கும் இரவு 10 மணிக்கு மேல் தடையில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ‘வைக்கிங்ஸ்’ தொடக்க சீசன்களில் வந்ததே இரவு 10 மணிக்கு! கேபிள்காரர் பயந்தது சட்டத்துக்கு அல்ல; சோப்பும் காரும் விற்கிறவருக்கு. ஒரு மணி நேரத்தில் கால் மணி அவர்களுடையது.

சரி, வெட்டிய துண்டுகள் எங்கே போயின? குப்பைக்குப் போயிருந்தால் ஒழுக்கம் என்று நம்பித் தொலைத்திருப்போம். அவை ப்ளூ-ரே டப்பாவுக்குப் போயின. ‘விரிவான பதிப்பு’ என்று பெயர். டி.வி.யில் அசிங்கம், கடையில் சிறப்பம்சம். கேபிளுக்கு மாதச் சந்தா கட்டியவர், விளம்பரத்துக்குப் பொறுமையைக் கட்டியவர், மறைத்ததைப் பார்க்க மூன்றாவது தடவையும் கட்ட வேண்டும். இது தணிக்கை அல்ல. பதுக்கல்.

845-இல் பாரிஸுக்காகப் பிராங்க் அரசர் 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்து வைக்கிங்குகளை அனுப்பிவைத்தார். தொல்லை தீரவில்லை. திரும்ப வந்தார்கள்; 886-இல் அவர்களுக்கு இன்னும் 700 பவுண்டு அழ ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அந்தக் கொள்ளைக்காரர்கள் ஒரு தடவைகூட, ‘எல்லாம் உங்கள் குழந்தைகளின் நலனுக்காகத்தான்’ என்று சொன்னதில்லை.