மணிக்கு ஒரு ரூபாய்

கும்பகோணம்,
7-11-2024

மோட்டார் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளை மானேஜர் அவர்கள் திவ்விய சமுகத்துக்கு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விக்ஞாபனம்.

இவ்விடம் க்ஷேமம். என் காரும் க்ஷேமம். 2019 அக்டோபரில் வீட்டுக்கு வந்த நாள்முதல் வாரத்துக்கு ஒருமுறை மகாமகக் குளத்தைப் பிரதட்சிணம் செய்வதும், கிருத்திகை தோறும் சுவாமிமலைக்குப் போய் வருவதும், மற்ற நாட்களில் வேப்பமரத்தடியில் யோகநித்திரையில் ஆழ்ந்திருப்பதுமாகக் காலங்கழித்துவரும் அந்தச் சாது வாகனம், ஒரு கோழிக்குஞ்சுக்கும் தீங்கு நினைத்ததில்லை. தங்கள் கஜானாவிலிருந்து நஷ்டஈடாக ஒரு காசு யாசித்ததுமில்லை. அதற்குத் தாங்கள் இவ்வருஷம் விதித்திருக்கும் பிரீமியம் ரூ.8,760. சென்ற வருஷம் ரூ.5,110. என்றோ நான் அளித்த சம்மதத்தை நான் மறந்தாலும் தாங்கள் மறவாதபடியால், கைப்பேசியில் வந்த முன்னறிவிப்பை நான் மூக்குக்கண்ணாடி தேடிப் படிப்பதற்குள், பணம் பாங்கியிலிருந்து தானாகவே பிரயாணம் புறப்பட்டுவிட்டது.

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு நேர்விகிதமும் எதிர்விகிதமும் போதித்தவன் ஆகையால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஐ.டி.வி. என்று தாங்கள் குறிப்பிடும் வண்டியின் மதிப்பு ரூ.2,10,000-லிருந்து ரூ.1,80,000-ஆக இறங்கியிருக்கிறது. கிளெயிம் கேட்காத நன்னடத்தைக்காகக் கிடைக்கும் போனஸ் 45 சதவிகிதத்திலிருந்து 50-ஆக உயர்ந்திருக்கிறது. தேர்டு பார்ட்டி பிரீமியம் தங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை, ஆயிரம் சி.சி.க்கு மேற்படாத கார்களுக்கு அது ரூ.2,094 என்று சர்க்கார் நிர்ணயித்து 1-6-2022 முதல் அமலில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. அன்றும் 18 சதவிகிதம், இன்றும் 18. குறைய வேண்டியவையெல்லாம் குறைந்து, நிற்க வேண்டியவையெல்லாம் நின்று, விடை மட்டும் ஏறியிருக்கிறது. இவ்விதம் விடை எழுதிய பையன்களை நான் பெஞ்சின்மேல் ஏற்றியிருக்கிறேன். தாங்களோ அதற்கு முத்திரையிட்டு பாலிஸி என்று அனுப்பியிருக்கிறீர்கள்.

ஐந்து வயது கடந்த வண்டியின் மதிப்பைக் கம்பெனியும் உடையவரும் கலந்துபேசி முடிவு செய்வது சம்பிரதாயம் என்கிறார்கள். அந்த சம்பாஷணை எப்போது நடந்ததென்பது என் ஞாபகத்தில் இல்லை. என் பங்கையும் தாங்களே பேசிவிட்டீர்கள் போலும்.

பாலிஸியின் இரண்டாம் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் ரகசியம் துலங்கிற்று. எஞ்சினில் வெள்ளம் புகுந்தால் ஒரு காப்பு. சாவி தொலைந்தால் ஒரு காப்பு. நடுவழியில் நின்றுபோனால் ஒரு காப்பு. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா, திறந்தால் தண்ணீர் வந்து சேருமா என்று வருஷந்தோறும் அண்ணாந்து பார்க்கிற ஊரில், என் எஞ்சினுக்குள் மாத்திரம் வெள்ளம் வருமென்று முன்கூட்டி உணர்ந்த தங்கள் ஞானதிருஷ்டியை வியக்கிறேன். சாவியோ பூஜை அலமாரிக்கு அருகில், என் தகப்பனார் காலத்து ஆணியில் தொங்குகிறது. அந்த ஆணி ஒருநாளும் தவறு செய்ததில்லை.

இந்த பாலிஸியை ரத்து செய்யுமாறு எழுதினேன். காரணம் கேட்டு ஒரு படிவம் அனுப்பினீர்கள். வண்டி விற்கப்பட்டது, திருடுபோயிற்று, முற்றும் நாசமாயிற்று, உரிமையாளர் காலமானார் என்று அதில் நான்கு காரணங்கள் இருந்தன. இவற்றுள் எதுவும் ஈசன் கிருபையால் எனக்கு இன்னும் சம்பவிக்கவில்லை. 'பிரீமியம் தாங்கவில்லை' என்பதற்கு ஒரு கட்டத்தையும் காணோம். சில்லறைப் பாலிஸிதாரர் ரத்து கோருவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும், கிளெயிம் ஏதும் இல்லாவிடில் ஓராண்டுப் பாலிஸியில் எஞ்சிய காலத்துக்குரிய பணத்தை விகிதப்படி திருப்பவேண்டும் என்றும் தங்கள் கட்டுப்பாட்டு ஆணையமே இவ்வருஷம் ஜூன் மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருப்பதை ஞாபகப்படுத்திய பிறகு, வேறு பாலிஸி இருப்பதற்கு அத்தாட்சி கேட்டீர்கள்.

இது நியாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் இன்றி வண்டி தெருவில் இறங்கலாகாது என்கிறது. வழியோடு போகிறவனுக்கு அது கவசம். ஆனால் அந்தக் கவசத்தின் விலை ரூ.2,094 என்று சர்க்கார் சொன்ன பிறகு, அதன்மேல் தாங்கள் இழைத்த ஜரிகைக்கும் சட்டத்தின் பெயரைச் சொல்லலாமா என்பதே என் சந்தேகம்.

ஆகவே வேறொரு கம்பெனியில் ரூ.4,860-க்கு எடுத்த புதிய பாலிஸியின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். ரூ.8,760-ஐ 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ரூ.24, அதாவது நான் உறங்கினாலும் வண்டி உறங்கினாலும் மணிக்கு ஒரு ரூபாய். கழிந்த நாட்கள் 23, மிகுதி 342, எனக்கு வரவேண்டியது ரூ.8,208. இந்தக் கணக்கில் பிழை கண்டால் என்னையே பெஞ்சின்மேல் ஏற்றலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு இதே கணக்கை அழகாகப் பிரதியெடுத்து அனுப்புவேன்.

இக்கடிதத்தை எழுதி முடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டு ரூபாயைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் பாலிஸிதாரன்